நடுக்கம் நின்றது, பேச்சு குழறுகிறது: டி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு உள்ள வழிகளில் எது யாருக்கு?

பார்க்கின்சன் நோய்க்காக அப்பாவின் மூளையில் டி.பி.எஸ். என்ற மின்தூண்டல் கருவி வைத்த பின், ஆறு வருடத்தில் முதல்முறையாக அவருடைய வலது கை ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோன அன்று, வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எட்டு மாதம் கழித்து அதே கை போனை எடுத்துக் காதில் வைத்தது. கொஞ்சமும் நடுங்கவில்லை. "நான்தான் பேசுறேன்" என்றார். எதிர்முனையில் இருந்தவர் அப்பாவோடு இருபது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவர். "யாருங்க? சரியாக் கேக்கலை" என்றார். அப்பா மறுபடி சொன்னார். மூன்றாவது முறை சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதற்கப்புறம் பல வாரம் அவர் யாரையும் கூப்பிடவில்லை.

அதே இடத்தில் நிற்கும் குடும்பங்கள் இப்போது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கருவியின் கரன்டைக் குறைக்கச் சொல்வதா, பேச்சுப் பயிற்சிக்குப் போவதா, மறுபடி ஆபரேஷனா, இல்லை இப்படியே இருந்துவிடுவதா? நான் டாக்டர் இல்லை. அப்பாவோடு இந்த எல்லா வாசல்களிலும் காத்திருந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## மார்க் ஷீட்டில் பேச்சுக்கு இடம் குறைவு

ஆழ்மூளைத் தூண்டல் என்கிற டி.பி.எஸ்., 1987இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட், பியர் போலாக் குழுவினரால் நடுக்கத்துக்காக இன்றைய வடிவில் தொடங்கியது. மூளையின் ஆழத்தில் மெல்லிய எலக்ட்ரோடு, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி, இரண்டையும் இணைக்கும் ஒயர். வழக்கமாக விநாடிக்கு 130 முறை சின்னச் சின்ன மின்துடிப்பு போகும். பார்க்கின்சன், எசென்ஷியல் ட்ரெமர் (பார்க்கின்சன் இல்லாமலேயே வரும் கை நடுக்கம்), டிஸ்டோனியா (தசைகள் தானாக முறுக்கிக்கொள்வது) ஆகிய மூன்றுக்கும் இது பெரிய வரம். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

ஆனால் பேச்சு இதில் தனி ரகம். கிரெனோபிள் குழுவே 49 பார்க்கின்சன் நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003இல் முடிவை வெளியிட்டது. மருந்து இல்லாத நிலையில் உடல் இயக்கம் பாதிக்கு மேல் மேம்பட்டிருந்தது. அந்த முன்னேற்றத்தில் சேராமல் நின்றது பேச்சு மட்டும்தான். லண்டனில் 32 பேரிடம் பேச்சை மட்டும் தனியே அளந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டுக்குப் பின் பேச்சு மற்றவர்களுக்குப் புரியும் அளவு, மருந்து எடுத்த நிலையில் சராசரியாக 16.9 சதவீதம் குறைந்திருந்தது. இது சராசரி. ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது.

இது ஏன் கிளினிக்கில் உடனே கண்ணில் படுவதில்லை? பார்க்கின்சனை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோலில், உடல் இயக்கப் பரிசோதனைக்கு மொத்தம் 132 மதிப்பெண். அதில் பேச்சுக்கு 4. கைகால்களின் நடுக்கமும் விறைப்பும் பாதியாகக் குறைந்தால், பேச்சு முழுக்கவே போனாலும் அந்தத் தாளில் ஆள் 'நல்ல முன்னேற்றம்' என்றே தெரிவார். அப்பாவின் தாளும் அப்படித்தான் இருந்தது. டாக்டர் மேல் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தாளில் விழாத பேச்சை நாம்தான் எடுத்துச் சொல்லியாக வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒவ்வொரு வழியையும் நான் இந்தக் கேள்விகளால்தான் சலித்துப் பார்க்கிறேன்:

- கெட்டுப்போன பேச்சின் வகைக்கு இந்த வழி பொருந்துகிறதா?
- பலிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?
- பேச்சுக்காகக் கையிலோ நடையிலோ எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்?
- பலன் தெரிய மணிக்கணக்கா, மாதக்கணக்கா?
- வெளியில் சொல்லாத செலவு என்ன? யாருடைய நேரம், யாருடைய உழைப்பு?

இதில் முதல் கேள்விதான் முக்கால்வாசி முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

## முதலில், கெட்டது எது?

'பேச்சு சரியில்லை' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உள்ளே குறைந்தது மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

கரன்ட் சிந்துவதால் வரும் குழறல். பார்க்கின்சனில் பெரும்பாலும் தூண்டப்படும் இடம் சப்தலாமிக் நியூக்ளியஸ், சுருக்கமாக எஸ்.டி.என். மிகச் சிறிய இடம் அது. அதன் வெளிப்புறத்தை ஒட்டி, வாய்க்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் ஓடுகின்றன. கரன்ட் அந்தப் பக்கம் சிந்தினால் குரல் இறுகி, நாக்கு கட்டிப்போட்டது போல ஆகும். உட்பக்கம் சிந்தினால் சிறுமூளையிலிருந்து வரும் இழைகள் மாட்டிக்கொள்ளும். அப்போது பேச்சு தள்ளாடும், தாளம் தப்பும். எசென்ஷியல் ட்ரெமருக்காகத் தலாமஸ் என்ற மூளையின் நடுப்பகுதியைத் தூண்டும்போதும் குழறல் வருவது உண்டு, இரண்டு பக்கமும் தூண்டினால் இன்னும் அதிகம். இந்த வகையின் அடையாளம், கரன்டைக் கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும்.

தமிழில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். கரன்டைக் கூட்டிய பிறகு அப்பாவின் வாயில் முதலில் காணாமல் போனது ழகரம். 'வழி' என்பது 'வயி' மாதிரி கேட்டது. அப்புறம் றகரம் மழுங்கியது. நாக்கு நுனி துல்லியமாக வளையவோ, தொட்டு உடனே விலகவோ வேண்டிய ஒலிகள் இவை. சத்தம் குறையவில்லை, வடிவம்தான் கலைந்தது.

நோயே தரும் மெல்லிய குரல். பார்க்கின்சனில் குரல் தேய்ந்து, ஏற்ற இறக்கம் போய், கடைசிச் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடும். டி.பி.எஸ். இல்லாதவர்களுக்கும் இது வரும், வருடம் போகப் போகக் கூடும். கரன்டைக் குறைத்தால் இது சரியாகாது. சில சமயம் மோசமாகலாம்.

சொல் கிடைக்காமல் தேடுவது. உச்சரிப்பு தெளிவாக இருக்கும், ஆனால் வேண்டிய சொல் வாய்க்கு வராது. பேச்சு நடுவில் நிற்கும். எஸ்.டி.என். ஆபரேஷனுக்குப் பின் இது நன்றாகவே பதிவான விளைவு. பெரும்பாலும் எலக்ட்ரோடு உள்ளே போன பாதையால் வருவது என்று கருதப்படுகிறது. கரன்டை நிறுத்திப் பார்த்தாலும் பழையபடி ஆவதில்லை. இதற்கு செட்டிங் மாற்றி மாற்றி அலைவது வீண்.

இவை தவிர, சிறு வயதில் இருந்து மறைந்துபோன திக்கல் டி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு திரும்பி வருவதும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் உண்டு. ஒருவருக்கு இரண்டு, மூன்று வகை கலந்தும் இருக்கலாம். அப்பாவுக்கு முதல் இரண்டும் இருந்தன.

பிரித்தறிய வீட்டிலேயே ஒரு வேலை செய்யலாம். மாத்திரை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து, தினமும் அதே நேரத்தில், வாயிலிருந்து அதே தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரே மூச்சில் 'ஆ' எத்தனை விநாடி நிற்கிறது, 'ப-ட-க, ப-ட-க' என்று வேகமாகச் சொன்னால் எங்கே கலைகிறது, ஒரே பத்தியை வாசிப்பது, கடைசியாக ஒரு நிமிடம் சொந்தப் பேச்சு. அந்தப் பதிவை வீட்டில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, புரிந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களின் காது குழறலுக்குப் பழகிப்போயிருக்கும். அப்பா சொல்வதை அம்மா முக்கால்வாசி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அதனால்தான் எங்களுக்கு எட்டு மாதம் ஆகியும் விஷயத்தின் கனம் தெரியவில்லை.

## வழி 1: செட்டிங்கை மாற்றுவது

முதல் வகைக் குழறலுக்கு இதுதான் முதல் வழி. கத்தி இல்லை, பலிக்காவிட்டால் பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடலாம். ஆனால் 'செட்டிங்கை மாற்றுவது' என்பதற்குள் பல வேறு வேலைகள் இருக்கின்றன. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் நல்லது.

எளியது, கரன்டைக் குறைப்பது. ஒவ்வொருவருக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. கை நடுக்கம் நிற்கும் அளவு ஒன்று, பேச்சு கெடும் அளவு ஒன்று. உதாரணத்துக்கு, கை 1.8 மில்லிஆம்பியரில் நிற்கிறது, பேச்சு 2.6இல் கெடுகிறது என்றால் நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. அப்படிப்பட்டவர் 2.7இல் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் இறக்கினாலே போதும். கை 2.4இலும் பேச்சு 2.5இலும் என்றால் வெறும் குறைப்பு உதவாது, வேறு விதமாகத்தான் போக வேண்டும்.

எந்தப் பக்கத்தைக் குறைப்பது என்பதும் முக்கியம். இடது மூளை வலது கையை ஆள்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் பொறுப்பும் அங்கேதான். இடது எலக்ட்ரோடில் கூடுதல் கரன்டும், அது கொஞ்சம் உட்பக்கமாக அமைந்திருப்பதும் பேச்சுக் கெடுதலோடு தொடர்புடையவை என்று லண்டன் குழுவின் ஆய்வுகள் காட்டுகின்றன. வலது கைக்காரர் ஒருவருக்குக் கை இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இடது பக்கத்தை ஏற்றிக்கொண்டே போனால், எழுதும் கைக்காகப் பேசும் வாயைக் கொடுப்பதாக முடியலாம். எங்களுக்கு நடந்தது அதுதான். ஆறு மாதத்தில் இரண்டு முறை இடது பக்கம் ஏற்றப்பட்டது. இரண்டு முறையும் நாங்கள்தான் கேட்டு ஏற்றச் சொன்னோம்.

அடுத்தது, எலக்ட்ரோடின் வேறு புள்ளிக்கு மாற்றுவது. ஒரு கம்பியில் பொதுவாக நான்கு மட்டங்கள் இருக்கும். மேல் மட்டத்துக்கோ கீழ் மட்டத்துக்கோ மாறினால் கரன்ட் பரவும் இடம் மாறும். புதிய வகை எலக்ட்ரோடுகளில் நடு இரண்டு மட்டங்கள் மூன்று மூன்று துண்டுகளாகப் பிரிந்திருக்கும். கரன்டை ஒரு திசைக்குத் திருப்பி, பேச்சு இழைகள் இருக்கும் பக்கத்தைத் தவிர்க்கலாம். உங்கள் உடலில் இருப்பது எந்த வகை என்று கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வளைய வகைக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மட்டும் கரன்ட் ஓடும்படி வைத்துப் பரவலைக் குறுக்கும் முறை அதிலும் உண்டு.

துடிப்பின் அகலத்தைக் குறைப்பது மூன்றாவது. வழக்கமான 60 மைக்ரோவிநாடியை 30க்கு இறக்கினால், கை நிற்கும் அளவுக்கும் பக்கவிளைவு வரும் அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகலமாகிறது. நாலாவது, 130ஐ 60 அல்லது 80 துடிப்பாகக் குறைப்பது. சிலருக்குப் பேச்சும் விழுங்குவதும் நடையும் இதில் நன்றாகின்றன. ஆனால் நடுக்கம் பிரதானமாக இருப்பவர்களுக்கு நடுக்கம் திரும்பி வரலாம். முதலில் கிடைத்த பலன் சில வாரங்களில் தேய்வதும் உண்டு.

மறைந்திருக்கும் செலவு இங்கே நேரமும் பொறுமையும். ஒவ்வொரு புள்ளியாகச் சோதிக்க ஒரு முழுக் காலைப்பொழுது போகும். மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள், அந்த விறைப்போடு உட்கார வேண்டும். இன்னொன்று, மாற்றியதன் விளைவு எல்லாம் உடனே தெரியாது. நடுக்கம் நிமிடங்களில் காட்டிவிடும். உடலின் நடுப்பகுதி சார்ந்த நடை, பேச்சு போன்றவை நிலைக்க மணிக்கணக்கு ஆகும். சில சமயம் நாட்கள். கிளினிக்கில் பத்தாவது நிமிடம் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மறுநாள் வருந்தியவர்களில் நாங்களும் உண்டு.

ஒரு வேண்டுகோள். செட்டிங் பார்க்கும்போது பொதுவாக 'கையைத் திறந்து மூடுங்கள், விரலைத் தட்டுங்கள்' என்பார்கள். ஆள் வாய் திறக்காமல் இருப்பார். கரன்டை ஏற்றும்போதே அவரைப் பேச விடுங்கள் என்று கேளுங்கள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லட்டும். பேச்சு எந்த அளவில் கலைகிறது என்ற எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள ஒற்றை எண் அதுதான்.

யாருக்கு ஏற்றது: கரன்ட் ஏற்றிய தேதிக்கும் குழறல் தொடங்கிய தேதிக்கும் பொருத்தம் இருப்பவர்களுக்கு. யாருக்கு வீண்: சொல் தேடல் மட்டும் இருப்பவர்களுக்கு.

## வழி 2: வேளைக்கு ஒரு செட்டிங், ரிமோட் நம் கையில்

கருவியில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரோகிராம்களைச் சேமித்து, வீட்டு ரிமோட்டிலேயே மாற்றிக்கொள்ள டாக்டர் அனுமதிக்கலாம். ஒன்று கைக்கு, ஒன்று பேச்சுக்கு. சாப்பிடும்போதும் சட்டை பொத்தான் போடும்போதும் முதலாவது. போன் பேசும்போது, விருந்தாளிகள் வரும்போது இரண்டாவது.

இதை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். காரணம், எந்த நேரத்தில் எது வேண்டும் என்ற முடிவு நோயாளியின் கைக்கே வருகிறது. அப்பா இப்போது மாலையில் ரிமோட்டை அழுத்திவிட்டு அரை மணி காத்திருந்து, அப்புறம் அந்தப் பழைய நண்பரைக் கூப்பிடுகிறார். பேசும்போது வலது கை தொடைமேல் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அதை அவர் இடது கையால் மூடிக்கொள்வார். அவ்வளவு நடுக்கம் அவருக்குச் சம்மதம். வேறொருவருக்கு, குறிப்பாகக் கையால் பிழைப்பவருக்கு, அது துளியும் சம்மதமாக இருக்காது.

செலவு: ரிமோட்டை யார் கையாள்வது என்ற கேள்வி. நினைவு தடுமாறுபவர் தனியாகச் செய்ய முடியாது. எந்த ப்ரோகிராமில் இருக்கிறோம் என்று குழம்பி, பேச்சு செட்டிங்கிலேயே நடக்கப் போய் விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு.

முழுக்க அணைப்பது வேறு விஷயம். எசென்ஷியல் ட்ரெமருக்காகத் தலாமஸில் வைத்தவர்கள் இரவில் அணைத்துத் தூங்குவது வழக்கமான நடைமுறை, பேட்டரியும் மிச்சம். பார்க்கின்சனில் அப்படி இல்லை. பல வருடம் தூண்டலில் இருந்து, மாத்திரையும் வெகுவாகக் குறைந்துபோனவர் திடீரென்று அணைத்தால், கடும் விறைப்பும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். டாக்டரைக் கேட்காமல் பேச்சுக்காகக் கருவியை அணைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

## வழி 3: பேச்சுப் பயிற்சி

மெல்லிய குரலுக்கு நன்கு ஆராயப்பட்ட பயிற்சி எல்.எஸ்.வி.டி. லவுட். வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஆக 16 அமர்வுகள், அதற்கு மேல் வீட்டுப் பாடம். பயிற்சியின் உயிர் ஒரே கட்டளை: சத்தமாக. பிரிட்டனில் 388 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், வழக்கமான பேச்சுப் பயிற்சியைவிடவும், பயிற்சியே இல்லாததைவிடவும் இது நல்ல பலன் தந்தது.

சத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று அப்பாவிடம் பார்த்துத்தான் புரிந்தது. அவர் கிசுகிசுப்பார், நாங்கள் "சத்தமா சொல்லுங்கப்பா" என்போம், "கத்திக்கிட்டுத்தானே இருக்கேன், உங்களுக்குத்தான் காது மந்தம்" என்று கோபப்படுவார். அவர் பொய் சொல்லவில்லை. பார்க்கின்சனில் மூளை தன் குரலின் அளவைத் தப்பாகக் கணக்கிடுகிறது. பயிற்சியில் ஒலி அளக்கும் கருவியின் முள்ளைப் பார்த்து, 'கத்துவது போலத் தோன்றுவதுதான் சரியான அளவு' என்று உடலுக்குப் பழக்குகிறார்கள்.

ஆனால் டி.பி.எஸ். உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரன்ட் சிந்தி இறுகிய குரலில் இருப்பவரை இன்னும் சத்தம் போடச் சொன்னால் இறுக்கம்தான் கூடும். அவர்களுக்கு வேகத்தைக் குறைப்பதும், ஒவ்வொரு எழுத்தையும் வாயைத் திறந்து சொல்வதும்தான் பயிற்சியாக இருக்க வேண்டும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் செட்டிங் ஒழுங்காகட்டும், அப்புறம் பயிற்சி. செட்டிங் மாறிக்கொண்டே இருக்கும் மாதத்தில் பயிற்சியைத் தொடங்கினால், எது உதவியது என்றே தெரியாது. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து பதினாறு அமர்வுகளில் பாதியை வீணாக்கினோம்.

மறைந்திருக்கும் செலவு வீட்டில் ஒருவருடைய தினசரி நேரம். பயிற்சியை விட்டால் குரல் மறுபடி தேயும், அதனால் நான்கு வாரத்தோடு முடிகிற வேலை இல்லை. களைப்பும் மறதியும் அதிகம் உள்ளவர்களுக்கு இந்த அளவு தீவிரம் தாங்காது.

## வழி 4: மாத்திரையும் தொண்டையும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரன்டைக் குறைக்கும்போது விட்டுப்போன இடத்தை பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி நிரப்பலாம். ஆனால் பேச்சு லெவோடோபாவுக்குக் கை அளவுக்கு மசிவதில்லை. அளவு கூடினால் தன்னிச்சையான அசைவுகள் வந்து பேச்சை வேறு விதமாகக் கெடுக்கும். அதனால் இது துணை வழிதான், தனி வழி இல்லை.

காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை குரல்நாண்களைக் காட்டுவது பயனுள்ளது. நாண்கள் வளைந்து, நடுவில் மூடாமல் காற்று கசிந்தால், ஊசி மூலம் அவற்றைப் பருக்க வைக்கும் சிகிச்சை இருக்கிறது. காற்றுக் குரலுக்கு உதவும், குழறலுக்கு உதவாது. கூடவே விழுங்குவதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சைக் கெடுக்கும் அதே சிந்தல் தொண்டையையும் தொடலாம். இருமல் கூட வராமல் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும் நிலை வந்துவிட்டால், மற்ற எல்லா முடிவுகளையும் விட அதுதான் அவசரம்.

## வழி 5: மறுபடி ஆபரேஷன்

எலக்ட்ரோடு தவறான இடத்தில் இருக்கிறது என்று ஸ்கேன் தெளிவாகக் காட்டி, எல்லாப் புள்ளிகளிலும் கை நிற்பதற்கு முன்பே பேச்சு கெடுகிறது என்றால் மட்டும் இதைப் பற்றிப் பேசலாம். அதில் எலக்ட்ரோடை மாற்றிப் பொருத்துவது ஒரு வகை. எஸ்.டி.என்.ஐ விட்டு ஜி.பி.ஐ. என்ற வேறு இடத்துக்குப் போவது இன்னொரு வகை.

மூளைக்குள் மறுபடி கம்பி போவது என்றால் ரத்தக்கசிவு ஆபத்து மறுபடி உண்டு, பொதுவாக நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு என்று சொல்லப்படுகிறது. தொற்று ஆபத்து தனி. புதிய பாதை சொல் தேடலை இன்னும் கூட்டலாம். நோய் வளர்ந்ததால் போன பேச்சு இடத்தை மாற்றுவதால் திரும்பாது. ஆகவே ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும் முன், ஆபரேஷன் செய்யாத வேறொரு குழுவிடம் செட்டிங்கை முழுதாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'எல்லாம் பார்த்தாச்சு' என்று சொல்லி அனுப்பப்பட்ட அப்பாவுக்கு, பயன்படுத்தாத ஒரு மட்டம் மீதி இருந்தது வேறொரு இடத்தில்தான் தெரிந்தது.

மூளை அலையைக் கேட்டுத் தானே கரன்டைக் கூட்டிக் குறைக்கும் தகவமைப்பு டி.பி.எஸ்.ஸுக்கு 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. தேவையான நேரத்தில் மட்டும் கரன்ட் என்பதால் பேச்சுக்கு நல்லதாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பொருந்தும் பேட்டரி வேண்டும். பேட்டரி மாற்றும் காலம் நெருங்குகிறவர்கள் இதைக் கேட்டு வைக்கலாம்.

## வழி 6: துணைக் கருவிகள்

'அப்போ இனிமே பேச்சே வராதா?' என்ற பயத்தில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ள வேண்டாம், மற்ற வழிகளோடு சேர்த்தே செய்யலாம்.

மெல்லிய குரலுக்கு இடுப்பில் மாட்டும் சின்ன மைக்-ஸ்பீக்கர் போதும். குழறலுக்கு அது பயனில்லை, குழறலையும் சேர்த்துப் பெரிதாக்கும். வார்த்தைகள் ஓடி விழுபவர்களுக்கு எழுத்துப் பலகை அருமையாக வேலை செய்யும். ஒவ்வொரு சொல்லையும் சொல்லும் முன் அதன் முதல் எழுத்தைத் தொட வேண்டும், கேட்பவர் அந்த எழுத்தைப் பார்த்துக்கொள்வார். எழுத்தைத் தேடும் விரலே வேகத்தையும் குறைத்துவிடும். தமிழில் 247 எழுத்துக்கு எங்கே போவது என்று முதலில் மலைத்தேன். 247 தேவையே இல்லை. உயிர் 12, மெய் 18, ஆக முப்பது கட்டம். 'கோ'வில் தொடங்கும் சொல்லுக்கு 'க்' கட்டத்தைத் தொட்டால் போதும், மீதியைக் கேட்பவரின் காது பிடித்துக்கொள்ளும். ஓர் அட்டையில் நானே கோடு போட்டுச் செய்தேன். முதல் நாளே அம்மாவால் திரும்பக் கேட்காமல் ஐந்து வாக்கியம் தொடர முடிந்தது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எந்தச் சிக்கலுக்கு | பலன் தெரிய | விட்டுக்கொடுப்பது | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| செட்டிங் மாற்றம் | கரன்ட் குழறல் | மணிகள் முதல் நாட்கள் | கொஞ்சம் நடுக்கம், பல முறை அலைச்சல் | முடியும் |
| வேளைக்கு ஒரு ப்ரோகிராம் | கரன்ட் குழறல் | அதே நாள் | அந்த நேரத்துக் கை, ரிமோட் கவனம் | முடியும் |
| பேச்சுப் பயிற்சி | மெல்லிய குரல், ஓடும் பேச்சு | ஒரு மாதம் | தினசரி உழைப்பு | இழப்பு இல்லை |
| மாத்திரை, குரல்நாண் ஊசி | துணை மட்டும், காற்றுக் குரல் | வாரங்கள் | அசைவுகள் கூடலாம் | பெரும்பாலும் முடியும் |
| மறு ஆபரேஷன் | இடம் தவறிய எலக்ட்ரோடு | மாதங்கள் | ரத்தக்கசிவு, தொற்று, சொல் தேடல் | முடியாது |
| துணைக் கருவி | எல்லா வகைக்கும், கருவிக்கு ஏற்ப | அன்றே | பழகும் தயக்கம் | இழப்பு இல்லை |

என் வரிசை: பதிவு எடுத்து வகையைப் பிரிப்பது, விழுங்குதல் சோதனை, செட்டிங், இரண்டு ப்ரோகிராம், செட்டிங் நிலைத்ததும் பயிற்சி. எழுத்துப் பலகையை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளலாம். மறு ஆபரேஷன் கடைசி.

## இன்னும் ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு

உங்களுக்கு எங்களைவிடக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. பேச்சு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், வெகுகால நோயாளி என்றால், பேச்சு கெடும் வாய்ப்பு கூடும். அதை முன்கூட்டியே பேசி இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எஸ்.டி.என்., ஜி.பி.ஐ. இரண்டையும் 299 பேரிடம் ஒப்பிட்டு 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல் இயக்க முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எஸ்.டி.என்.இல் மாத்திரை அதிகம் குறைந்தது. சொல் தேடல் பொதுவாக ஜி.பி.ஐ.யில் குறைவு. குழறல் அங்கேயும் வரலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேச்சு தொழிலாக இருப்பவருக்கு மாத்திரை குறையாததுகூடத் தாங்கக்கூடிய விலையாக இருக்கலாம்.

எசென்ஷியல் ட்ரெமர் என்றால், ஒரு பக்கம் மட்டும் செய்து, எழுதும் கையைக் காப்பாற்றி, மற்றக் கையை அப்படியே விடுவது பேச்சுக்குப் பாதுகாப்பு. ஒலி அலைகளைக் குவித்து மூளையின் சிறு இடத்தைச் சுடும் குவித்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு 2016இல் அமெரிக்காவில் ஒரு பக்கத்துக்கும், 2022இல் குறைந்தது ஒன்பது மாத இடைவெளியோடு மறுபக்கத்துக்கும் ஒப்புதல் வந்தது. மண்டையில் துளை இல்லை, பேட்டரி இல்லை. ஆனால் சுட்ட இடம் சுட்டதுதான். டி.பி.எஸ்.இல் குழறல் வந்தால் குறைக்க ஒரு பட்டன் இருக்கிறது, இதில் இல்லை. இரண்டு பக்கமும் வேண்டும் என்கிறவருக்கு நான் டி.பி.எஸ். பக்கமே சாய்வேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஆபரேஷன் தேதிக்கு முன் மூன்று வேறு நாட்களில் குரலைப் பதிவு செய்து வையுங்கள். மேலே சொன்ன 'ஆ', 'ப-ட-க', ஒரு பத்தி, அப்புறம் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிடுவது. பிறகு செட்டிங் பார்க்கும் டாக்டரிடம் 'முன்னாடி இப்படிப் பேசினார்' என்று போட்டுக் காட்ட அது வேண்டும். எங்களிடம் அப்பாவின் பழைய குரல் என்று இருந்தது ஒரு வீடியோவின் பின்னணியில் நாற்பது விநாடி மட்டும், அதுவும் என்னை "இங்க வா" என்று கூப்பிடுவது. அந்த நாற்பது விநாடியை வைத்துத்தான் அவருடைய இடது பக்க எண்ணை எங்கே நிறுத்துவது என்று பார்த்தோம்.